எர்சிலியா வேலிக்குள்ள அடிக்காத காத்து

கொலிவே கரையில பதினோரு நாள் புயல் அடிச்சப்ப, எர்சிலியா தோட்டத்துல மட்டும் ஒரு இலை அசையல. மே மாசக் கடைசி, இலையெல்லாம் கொட்டி முடியிற நேரம். கொலிவே இருக்குற சிலோவே தீவு பூமியோட தெக்குக் கோடி, அங்க குளிர் தொடங்குற அப்பத்தான் பூண்டு நடணும், கடல்பாசிய அள்ளிட்டு வந்து மண்ணுல புதைக்கணும், ஆப்பிளப் பிழிஞ்சு பீப்பாயில ஊத்தணும். மத்தவங்களுக்கு ஏணி நிக்கல, கூடை நிக்கல, பக்கத்து வீட்டு ஆர்செனியோவுக்குக் கூரையில நாப்பத்திமூணு மரஓடு பறந்துபோச்சு. எர்சிலியா வேலிக்குள்ள மழைகூட நேரா விழுந்துச்சு. அவ வீட்டு அடுப்புப் புகை குச்சி மாதிரி மேல போயி, வேலி தாண்டினதும்தான் பிஞ்சுது. ஊர்ல எல்லாருக்கும் இவ என்னமோ பண்ணியிருக்கான்னு சந்தேகம். எர்சிலியாவுக்கு அதவிடப் பெரிய சந்தேகம். எம்பேரக் கெடுக்கணும்னே எவனோ பண்ணிவெச்ச வேலைன்னு, பூண்டு நடுற ஒவ்வொரு குழியையும் முழங்கை ஆழம் தோண்டிப் பாத்தா. மண்புழுதான் கெடந்துச்சு.

காத்து அடிக்காட்டியும் கடல் விடல. கீழ கரைய அரிச்சு அரிச்சு, அடுப்படிக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ஏழு தப்படிதான் பாக்கி. ஆகஸ்ட் பெரிய அலைக்கு முன்னாடி வீட்ட மேட்டுக்கு இழுத்தாகணும், இல்லன்னா வீடு எந்த நேரமும் கடலுக்குள்ள போகலாம். அங்க எல்லாமே மரவீடுதான், உருளைக்கட்டை மேல ஏத்தி மாடு பூட்டி இழுத்துருவாங்க. கூலி கெடையாது, வயிறார சாப்பாடு போட்டா போதும். ஆனா வீட்டுக்காரங்க வீடு வீடாப் போயி உக்காந்து கேக்கணும். பதில் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது, எந்திரிச்சா கேட்டது வேணாம்னு அர்த்தம். பன்னெண்டு ஜோடி எருது வேணும். அதுல நாலு ஜோடி ஆர்செனியோவோடது.

அவ வர்றத ஜன்னல்ல பாத்த ஆர்செனியோ பொண்டாட்டி செலிந்தா, கத்திரிக்கோல சிலுவையாட்டம் விரிச்சு நாற்காலி மெத்தைக்கு அடியில வெச்சுட்டா. சூனியக்காரி அதுமேல உக்காந்தா எந்திரிக்க முடியாதாம். எர்சிலியா உக்காந்தா. கேட்டா. புருசனும் பொண்டாட்டியும் வாயத் தொறக்கல, இவ எந்திரிக்கிறாளான்னு பாக்குறாங்க. இவளோ பதில் வராம எப்படி எந்திரிப்பா? காலையில உக்காந்தவ அப்படியே இருக்க, அந்த வீட்டுல கெழங்கு வெந்து, இவளுக்கும் ஒரு தட்டு வந்து, பாத்திரமும் கழுவி, மத்தியானம் ரெண்டு மணியாச்சு.

“பாத்தியா, ஒட்டிக்கிச்சு”ன்னு செலிந்தா முணுமுணுத்தா.

“உன் கத்திரி குத்துது செலிந்தா. துணி வெட்டணும்னா எடுத்துக்கோ, நான் இடுப்பத் தூக்குறேன். ஆனா எந்திரிக்க மாட்டேன்.”

“எர்சிலியாக்கா, வீட்டுக்குப் போயேன், வேலை கெடக்குது”ன்னான் ஆர்செனியோ.

“பதில் சொல்லு தம்பி. இல்லன்னா ராத்திரிக்கும் எனக்கு ஒரு தட்டு சேத்து வை. உப்பு கம்மியாப் போடச் சொல்லு.”

அந்த நேரம் பாத்து காத்து புகைக்குழாயப் பிடுங்கிருச்சு. வீடு பூரா கரும்புகை. ரெண்டு பேரும் வெளிய ஓடிட்டாங்க. எர்சிலியா கண்ணுல தண்ணி ஊத்த, இருமிக்கிட்டு அங்கயே உக்காந்திருந்தா. “வர்றேங்க்கா! நாலு ஜோடியும் ஓட்டிட்டு வர்றேன், வெளிய வந்து தொலை!”ன்னு வாசல்ல நின்னு கத்தினான். அவ எந்திரிச்சு, பாவாடையத் தட்டிவிட்டுட்டு, அடுத்த வீட்டுக்குப் போனா.

இழுக்கிற அன்னிக்கு ஊரே வந்துச்சு. உதவிக்குன்னு சொல்ல முடியாது, வீட்டுக்கு அடியில என்ன புதைச்சிருக்கான்னு பாக்கத்தான். கயித்த இழுத்துக்கிட்டே குனிஞ்சு குனிஞ்சு பாத்தாங்க. வீடு நகந்ததும் ஒரு கரண்டி, ஏழு கோழிமுட்டை, ஒரு கொம்புச் சீப்பு. “அந்தச் சீப்பு என்னுது!”ன்னு செலிந்தா பாய்ஞ்சா. “போன வருசம் கடன் வாங்கிட்டுப் போயி காணலன்னியே!” அதத் தவிர வேற ஒண்ணுமில்ல.

சாயங்காலத்துக்குள்ள வீடு மேட்டுல உக்காந்துருச்சு. மொத காத்துலயே பதினோரு மரஓடு பறந்துச்சு, எர்சிலியா தலைத்துணியும் போச்சு. “பாத்தீங்களா! பாத்தீங்களா!”ன்னு அவ கையத் தட்டிக்கிட்டு ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்தா. “நடிக்குது”ன்னான் ஆர்செனியோ. சொல்லிக்கிட்டே ஏணிய எடுத்துட்டு வந்து கூரைமேல ஏறினான்.

காத்தில்லாத இடம் அவகூட வரல, பழைய இடத்துலயே நின்னுருச்சு. மூணு குளிர்காலம் ஊர்ப் பொம்பளைங்க அங்கதான் துணி காயப் போட்டாங்க, கொடிக்கு முறை வெச்சு சண்டையும் போட்டாங்க. நாலாவது வருசம் கரை சரிஞ்சு, வேலி, பூண்டுப் பாத்தி, ஆப்பிள் மரம் எல்லாம் கடலுக்குள்ள போச்சு. இப்ப அந்தத் தோட்டத்து அளவுக்குக் கடல்ல ஒரு சதுரம் சுருக்கமே இல்லாம கெடக்கு. புயல்ல மாட்டின படகுக்காரங்க அதுக்குள்ள வந்து எஞ்சின நிறுத்திட்டு சிகரெட் பத்த வெப்பாங்க. ஒரு தீக்குச்சியே போதும்.