சந்தனம் பூசிய தலை

எழுபத்தாறாம் வருஷம், கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்தில், பால் கேனோடு சைக்கிளில் போன என் மகன் ஈஸ்வரமூர்த்தியை லாரி அடித்துப் போட்டது. பதினாறு வயது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். பதினெட்டு நாள் கண் திறக்கவில்லை. என் முடியைத் தருகிறேன், பிள்ளையைக் கொடு என்று பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் விழித்தான். பேச்சில்லை.

"மூளையில பலமான அடி. பழகின முகத்தைப் பாத்தாத்தான் நினைவு திரும்பும். நீங்க பக்கத்துலயே இருங்கம்மா" என்றார் டாக்டர்.

அவர் அந்தப் பக்கம் போனதும் என் வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். "மயிலா, சாமி கேட்டதைக் குடுத்துருச்சு. இனி தாமசம் பண்ணுனா ஆகாது. எந்தம்பி இவனைப் பாத்துக்குவான், பொறப்படு."

நானும் புத்தி கெட்டுப்போய் பஸ் ஏறினேன். இடுப்பு வரை தொங்கிய முடி. இரண்டு பேரும் மொட்டையடித்து, சந்தனம் பூசிக்கொண்டு மறுநாள் அவன் முன்னால் போய் நின்றோம்.

என்னைப் பார்த்ததும் மிரண்டுபோய்ச் சுவரோரம் ஒண்டினான். அடிபட்ட பிறகு அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தான்.

"எங்கம்மா எங்கீங்க? வரச் சொல்லுங்க."

என்னிடமே கேட்டான்.

"நாந்தான் சாமி உங்கம்மா."

"இல்லீங்க. எங்கம்மாளுக்குச் சடை இருக்கும்."

வராந்தாவில் வீட்டுக்காரரைப் பிடித்துக் கத்தினேன். "ஏனுங்க, ஒரு மாசம் பொறுத்தா உங்க முருகன் மலையை விட்டு ஓடியா போயிருவாரு?" அவர் துண்டை எடுத்து மொட்டைத் தலையை மூடிக்கொண்டார்.

விட்டுவிட்டுப் போக முடியுமா? நான்கு நாள் கஞ்சி ஊட்டினேன். யாரோ ஆயா என்று நினைத்து வாங்கிக்கொண்டான். வீட்டுக்காரர் எங்கள் ஊர் மீனாட்சிபுரத்தில் மாடுகளைக் கறந்துவிட்டுத் தினமும் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். அவரையும் அவனுக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் தலைக்கட்டைப் பிரித்தார்கள். ஈஸ்வரமூர்த்தி, ஆபரேஷனுக்காக மழித்திருந்த தன் தலையைத் தடவினான். தையல்மேல் விரல் நின்றது. பிறகு என்னையே உற்றுப் பார்த்தான். மெதுவாகக் கையை நீட்டி என் மொட்டையைத் தொட்டான். அவன் கண் கலங்கியது.

"உன்னையும் லாரி அடிச்சிருச்சாம்மா?"

அம்மா என்றான். என் பிள்ளை என்னை அம்மா என்றான். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"ஆமா சாமி" என்றேன். "நம்ம எல்லாத்தையுந்தான் அடிச்சிருச்சு."