ஆல்கஹால் போட்ட வட்டம்

என் வாய் சும்மா இருக்காது. அக்கா வீட்டு வேலியில் பறித்த இலையை ஊறவைத்து எடுத்த சாற்றில் ஒரு காகித வில்லையைத் தோய்த்து, ஆய்வகத்தில் கிருமி வளர்த்த தட்டில் வைத்தேன். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாத வட்டம், பக்கத்தில் வைத்த மாத்திரை மருந்து வில்லையின் வட்டத்தை விடப் பெரியது. அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய்ப் பெருமையடித்துவிட்டேன்.

"மாத்திரை மருந்தை விட நம்ம இலைக்குப் பெரிய வட்டம், அத்தான்."

அத்தான் பஸ் ஓட்டுகிறவர். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண், அதற்கு மாத்திரை.

"அப்ப டாக்டரை வேலியிலயே வச்சுக்கிட்டுத்தான் நான் அலையறேனா?" என்று சிரித்தார்.

மறுவாரம் ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரி சாதாரணமாகக் கேட்டாள். "இலையை ஆல்கஹால்லதானே ஊறவச்சே? வெறும் ஆல்கஹால்ல ஒரு வில்லை வச்சுப் பாத்தியா?"

வைக்கவில்லை. முதல் வருடப் பிள்ளைகூட அதைச் செய்யும். எனக்கு அவசரம், வில்லை காயக்கூட விடவில்லை. இப்போது வைத்துப் பார்த்தேன். வெறும் ஆல்கஹாலுக்கும் அதே வட்டம். கிருமியைக் கொன்றது ஆல்கஹால். இலை சும்மா கூட வந்திருக்கிறது.

காது வரை சுட்டது. 'எங்க ஆராய்ச்சிக்காரி' என்று அத்தான் டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தார். எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அக்கா கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று போனை வைத்தேன். வெட்கம்தான், வேறு காரணமே இல்லை.

ஒருநாள் அக்கா மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாள். ஓடினேன். அத்தான் காலில் பெரிய கட்டு. மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை அரைத்துக் கட்டியிருக்கிறார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"என்ன தடவினீங்கன்னு டாக்டர் கேட்டாரும்மா," என்றார் அத்தான் மெதுவாக. "உன் பேரு கெட்டுடக் கூடாதேன்னு ஒண்ணுமில்லன்னுட்டேன். நான்தான் சரியா அரைக்கல போல."

கூனிக் குறுகிப் போனேன்.

"இலையில ஒண்ணுமில்ல அத்தான். என் சோதனைதான் தப்பு."

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஒன்பது நாளாச்சு."

கட்டிலருகே நின்ற அக்கா சொன்னாள்.

"இவரு மாத்திரையை நிறுத்தி ஏழு நாள்தான் ஆகுது."

அத்தான் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.