மைனஸ் ஐந்து வோல்ட்

மின்சாரத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் ஒரு கணக்கு உண்டு என்று என் கணவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மனிதர் முப்பது வருடமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். கரண்ட் வரும், இல்லாவிட்டால் வராது, அதென்ன மைனஸ் என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பாதிதான் புரிந்திருந்தது. அதை அவரிடம் சொல்வேனா?

சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு நான் கட்டிக்கொண்டிருந்தது ஒரு பழைய காலத்துக் கணினி. போர்டு, சில்லுகள், வயர்கள் எல்லாம் நானே பற்றவைத்தது. திரைக்கு ஒரு பழைய டிவி. இத்தனையும் ஒரே ஒரு மெமரி சில்லுக்காக. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தபோது நான் எழுதிய விளையாட்டு அதற்குள் இருந்தது. ஒன்பது கட்டத்தில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு ஆடுவோமே, அதுதான். யார் ஆடினாலும் மெஷின் தோற்காது.

ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் அதை எழுதியது என் தம்பி என்பார்கள். அப்போது அதே கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். நேர்முகத் தேர்வில் அதைக் காட்டித்தான் முதல் வேலை வாங்கினான். இன்றைக்குப் பெரிய பதவி. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது அவன் தோளைத் தட்டி அந்தக் கதையை ஆரம்பிப்பார்கள். அவன் தலையைக் குனிந்து சிரிப்பான், மறுக்கமாட்டான். எனக்கு வயிறு எரியும்.

சில்லு ஓடினால் முதல் திரையிலேயே எழுதியவர் பெயர் வரும். அந்தப் பெயரை என் கையால் அடித்தது நன்றாக நினைவிருந்தது. அவன் கண் முன்னாலேயே காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். ஞாயிறு மாலை வரச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் போனில் குரல் இறங்கிவிட்டது. அதெல்லாம் எதற்கு இப்போது, விட்டுவிடு என்றான். மாட்டிக்கொண்டான் என்று எனக்கு ஒரே குஷி.

சிக்கல் மின்சாரத்தில் இருந்தது. அந்தச் சில்லுக்கு மூன்று விதம் வேண்டும்: ஐந்து வோல்ட், பன்னிரண்டு வோல்ட், மைனஸ் ஐந்து வோல்ட். அதிலும் மைனஸ்தான் முதலில் வர வேண்டும். அது இல்லாமல் மற்ற இரண்டும் வந்தால் சில்லு கருகிவிடும். சில்லு வேறு வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் இருப்பதை எங்கே போய் வாங்குவது?

இந்த மூன்றையும் கொடுக்க எந்த பவர் சப்ளையைப் போடலாம் என்று இணையத்தில் கேட்டுத் தொலைத்தேன். ஒருவர் கம்ப்யூட்டர் பெட்டியின் சப்ளையையே போடச் சொன்னார். கணவர் தெரிந்த ரிப்பேர் கடையிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்தார். ஸ்டிக்கரைப் படித்தால் மைனஸ் பன்னிரண்டு இருக்கிறது, மைனஸ் ஐந்தைக் காணோம். புதிய பெட்டிகளில் அதை எடுத்துவிட்டார்களாம். இன்னொருவர் டிரான்ஸ்ஃபார்மர்தான் உத்தமம் என்றார். செங்கல் கனத்தில் ஒன்று வாங்கினேன். அவர் அனுப்பிய வரைபடத்தில் எந்தக் கோடு எங்கே போகிறது என்று தேடியே கண் பூத்துப்போனது. மூன்றாமவர், முதல் இருவருக்கும் ஒன்றும் தெரியாது என்றார். அது மட்டும் நம்பும்படியாக இருந்தது.

ஆகவே அவர் சொன்னதைச் செய்தேன். சுவரில் செருகும் சாதாரண அடாப்டர் மூன்று: பன்னிரண்டில் ஒன்று, ஐந்தில் இரண்டு. இரண்டாவது ஐந்தை மட்டும் தலைகீழாகக் கட்ட வேண்டும். அதன் சிவப்பு வயரை மற்ற இரண்டின் கறுப்போடு சேர்த்தால், அதன் கறுப்பு மைனஸ் ஐந்தாகிவிடும். திரும்பத் திரும்பப் படித்துக் கட்டினேன். சனிக்கிழமை மீட்டரில் மூன்றும் சரியாகக் காட்டின.

ஞாயிறு காலை, சில்லைச் செருகும் முன் எதற்கும் இன்னொரு தடவை அளந்தேன். பன்னிரண்டு சரி. ஐந்து சரி. மைனஸ் ஐந்து இருந்த இடத்தில் பூஜ்ஜியம்.

அடாப்டரைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் செருகி அளந்து காட்டினார்: ஐந்து. ஆனாலும் வேறொன்று கொடுத்தார். வீட்டில் செருகினால் பூஜ்ஜியம். மறுபடி ஓடினேன். அங்கே ஐந்து, இங்கே பூஜ்ஜியம். கோளாறு உங்கள் வீட்டில்தானோ என்று அவர் மெல்ல இழுத்ததும், பாவம், நான்கு பேர் பார்க்கக் கத்திவிட்டேன். திரும்பி நடக்கையில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் அடாப்டர் செத்துப்போகுமா? நேற்றுப் பார்த்தது கனவா?

மத்தியானம் போர்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடாப்டர்களைச் செருகும் மூன்று சாக்கெட்டுகளின் கறுப்பு வயர்களும் ஒன்றாக முறுக்கப்பட்டு, மேலே அழகாக டேப் சுற்றியிருந்தது. அது யார் கைவேலை என்று கேட்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு சுவிட்ச் பெட்டிக்குள் பூராவும் அதே சுற்றுதான். மைனஸ் ஐந்தாக வேண்டிய கறுப்பும் மற்ற இரண்டோடு சேர்ந்துவிட்டால் பூஜ்ஜியம் வராமல் என்ன செய்யும்?

"ரெண்டு கறுப்பு ஒண்ணா இருந்துச்சு, ஒண்ணு மட்டும் வேற எங்கேயோ போச்சு. நீ தப்பா மாட்டிட்டேன்னு மாத்திவிட்டேன்," என்றார் கணவர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா, உங்களுக்கென்ன தெரியும்னு கேப்பே."

கேட்டிருப்பேன்தான். அவர் தொழிலில் ஒரே நிறம் ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டும். மாறிப் போனால் வீடு பற்றிக்கொள்ளும். மனிதர் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அதற்காகத் திட்டாமல் இருக்க முடியுமா? திட்டிக்கொண்டே பிரித்தேன், அவர் டார்ச் பிடித்தார். மைனஸ் ஐந்து திரும்பி வந்தது.

நாலு மணிக்குத் தம்பி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சில்லைச் செருகினேன். மைனஸ் ஐந்து, ஐந்து, பன்னிரண்டு என்று சுவிட்சுகளை வரிசையாகப் போட்டேன். டிவி கொஞ்சம் நடுங்கிவிட்டு நின்றது. ஒன்பது கட்டம் வந்தது. அதற்கு மேலே எழுதியவர் பெயர்.

தம்பியின் பெயர்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அவன் பெயரேதான். என்னவோ செய்து மாற்றிவிட்டாய் என்று அவன்மேல் பாய்ந்தேன். சில்லு அத்தனை வருடமும் என் அலமாரியில்தான் இருந்தது என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

"நீதாங்க்கா அடிச்சே," என்றான். "இன்டர்வியூவுக்கு முந்தின நாள், உன் பேரை எடுத்துட்டு. நான் வேணாம்னு அழுதேன். யாரு கேட்டாலும் நான்தான் எழுதினேன்னு சொல்லணும்னு என்கிட்ட சத்தியம் வாங்கினே."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் முகம் கண்முன் வந்துவிட்டது. இந்த முகமல்ல, இரண்டு இடத்தில் வேலை கிடைக்காமல் சாப்பாட்டையே விட்டுவிட்டிருந்த பையனின் முகம். ஆய்வக வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். பெயரை அடித்தது இத்தனை நாளும் நினைவிருந்தது. யார் பெயரை என்பதைத்தான் தொலைத்திருக்கிறேன்.

"ஒவ்வொரு தடவை அந்தப் பேச்சு வரும்போதும் உன்னைத்தான்க்கா பாப்பேன். நீ மொறைப்பே. வாயைத் தொறக்காதேன்னு நீ சொல்றதா நெனச்சுப்பேன்." அவன் கண் கலங்கியிருந்தது. "இனிமே சொல்லிடட்டுமா?"

எனக்கு வாயில் திட்டு ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது.