கையசைத்துக் கடந்தவள்

"எட்டு வாரம் ஓடக் கூடாது. நடக்கலாம்" என்று மருத்துவர் சொன்னபோது, அந்த இரண்டாவது வாக்கியம்தான் ஐலாவுக்கு அவமானமாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல். இருபது வருடமாக அமெரிக்காவின் டுலூத் நகர ஏரிக்கரையில் காலையில் எட்டு மைல் ஓடியவள். ஜூன் மாத மாரத்தானுக்குப் பெயர்கூடக் கொடுத்திருந்தாள்.

ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே குமைந்தாள். பிறகு வேறு வழியில்லாமல் அக்கா கைஸாவைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் கைஸாவுக்குக் கனத்த உடம்பு. "கொஞ்சம் நடந்துட்டு வரலாமா?" என்று ஞாயிறுதோறும் கேட்டு, "நடக்கிறதெல்லாம் ஒரு பயிற்சியா?" என்ற பதிலை ஐலாவிடம் வாங்கி, கேட்பதையே விட்டிருந்தவள்.

"அடேயப்பா, மகாராணிக்கு இன்னைக்குத்தான் என் நம்பர் கெடச்சுதா?" என்றபடி வந்தாள்.

கைஸா நடந்ததைவிட நின்றதுதான் அதிகம். முதலில் ஐலாவுக்கு எரிச்சலாக வந்தது. கரையோரம் மிச்சமிருந்த பனித்தகடுகள் ஒன்றோடொன்று உரசிக் கண்ணாடி நொறுங்குவதுபோல ஒலித்தன. இத்தனை வருடத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. தன் மூச்சை மட்டுமே கேட்டிருக்கிறாள். மூன்றாவது ஞாயிறு, புகையில் வாட்டிய மீனை வாங்கிக் காகிதத்தோடு கையில் வைத்துத் தின்றபடியே நடந்தார்கள். அது அவளுக்கு வெட்கப்படும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரும்புத்தாதுக் கப்பல் கடந்து போவதற்காகக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். காத்து நின்றபோது கைஸா விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏரோ பிப்ரவரியிலேயே வீட்ட விட்டுப் போயிட்டான்."

இருபத்தாறு வருடக் கணவன்.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். ரெண்டு நாள் காலையில உன் பாதையில வந்து நின்னேன். நீ கையக் காட்டிட்டு ஓடிட்ட."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. மீனில் உப்புக் குறைவு என்பதுபோலச் சொன்னாள். ஐலாவுக்கு அந்தக் காலைகளில் ஒன்று நினைவுக்கு வந்தது. வேகம் குறையாமல் கையசைத்ததற்காக அன்று தன்னையே மெச்சிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. அக்காவின் கையிலிருந்த எண்ணெய்க் காகிதத்தை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பாலம் இறங்கியதும் இருவரும் மெதுவாக அக்கரைக்குப் போனார்கள்.

எட்டாவது வாரம் மருத்துவர் அனுமதி கொடுத்தார்.

"ஓடு போ. நான் பின்னாடியே வர்றேன்" என்றாள் கைஸா.

ஐலா ஓடினாள். கால் வலிக்கவில்லை. பழைய உடம்பு அப்படியே திரும்பி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனது. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் கைஸா ஒரு பாறையில் கையூன்றிக் குனிந்து, தண்ணீருக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

அது என்னவென்று பார்க்க ஐலா திரும்பி நடந்தாள்.