நெட்டையா, குட்டையா

அளவு டேப்பின் ஒரு நுனி என் கையில் இருந்தது. மறுநுனியைப் பிடித்துக்கொண்டு என் கணவர் பத்ரி, காரின் அந்தப் பக்கம் ஸ்டூல் மேல் நின்றார். கார்க் கூரையின் நடு எங்கே என்று பார்க்க வேண்டுமாம்.

"ஆடாமப் பிடி பட்டு."

"நான் ஆடல. உங்க ஸ்டூல்தான் ஆடறது."

"சுத்தி நாலு பக்கமும் தகரம் சமமா இருந்தாத்தான் ஆன்டெனா ஒழுங்காப் பேசும்."

"பேசப்போறது ஆன்டெனாவா, நீங்களா?"

அவர் சாக்பீஸால் கூரையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அதற்குள் தூறல் விழுந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுக்க நான் ஓடினேன். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

எங்கள் வீடு முடிச்சூர்ப் பக்கம். பெருமழை என்றால் எங்கள் தெருவில் முதலில் பேசப்படுவது கார்தான். புயல் எச்சரிக்கை வந்ததும் ஒவ்வொரு வீட்டு ஆணும் காரை எடுத்துக்கொண்டுபோய்த் தாம்பரம் மேம்பாலத்தின் மேல் ஓரமாக நிறுத்திவிட்டு, குடை பிடித்துக்கொண்டு நடந்து வருவான். இது யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை. ஒருமுறை தெருவே மூழ்கி எல்லோருடைய எஞ்சினும் போனது. அதன்பின் தானாகவே வந்துவிட்டது.

அந்த வெள்ளத்தில்தான் செல்போன்களும் செத்துப்போயின. பத்ரிக்கு சி.பி. ரேடியோப் பைத்தியம் பிடித்தது அப்போதுதான். டவர் வேண்டாம், சிம் வேண்டாம், காரில் ஒரு பெட்டி, கூரையில் ஒரு கம்பி, எதிர்ப்பக்கம் இன்னொரு பெட்டி; போதும். லைசென்ஸ்கூட வேண்டாம் என்றார். நான் நம்பவில்லை. அரசாங்க அறிவிப்பை அச்செடுத்துவந்து காட்டினார். அதையும் நான் முழுதாக நம்பவில்லை. வீட்டில் பேச்சே இல்லாத மனிதர், ரிட்டயர் ஆனபின் கம்பி வைத்து யாரோடு பேசப்போகிறார்?

எதிர்ப்பக்கப் பெட்டி சிவகுமாரிடம் இருந்தது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்குக் கேரியர், ஏணி அடித்துக்கொடுக்கிற பட்டறை வைத்திருப்பவர். அந்த ஊர்க்காரர், அவர் குடும்பத்து நிலத்தில் பாதி இப்போது தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. ரேடியோவும் ஆன்டெனாவும் உபதொழில். பத்ரியிடம் இரண்டு ஆன்டெனாக்களைக் கொடுத்து, "ரெண்டையும் போட்டுப் பாரு சார், புடிச்சத வச்சிக்கோ" என்று அனுப்பியிருந்தார். இரண்டும் அடியில் காந்தம் உள்ளவை, கூரையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒன்று என் தோள் உயரத்துக்கு நெட்டை. மற்றது முழம்கூட இல்லாத குட்டை. கம்பியைச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறார்களாம்.

டேப் பிடித்து அளந்த மறுநாள் காலை புயல் மழை. பத்ரி காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்குப் போனார். திரும்பி நடந்து வருவதற்குள் கீழே சாலையில் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. காரிலேயே தங்கிவிட்டார் போலிருக்கிறது. போன் கிடையாது, கரண்ட் கிடையாது. நான் மாடியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வடிந்ததும் முதலில் அங்கே போன எங்கள் நலச்சங்கச் செயலாளர் தினகரன்தான், சீட்டைச் சாய்த்துப் படுத்த மாதிரி இருந்த அவரைப் பார்த்திருக்கிறார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

இதுவரை சந்தேகப்பட ஒன்றுமில்லை. சந்தேகம் பதின்மூன்றாம் நாள் வந்தது.

சுபச் சடங்கு முடிந்து, சாப்பிட்டு இலை எடுத்தபிறகு சிவகுமார் கூடத்தின் நடுவில் எழுந்து நின்றார். தெருக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஸ்கூலில் வேலை பார்த்தவள் என்பதால் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

"டீச்சர், அன்னிக்கு சார் என்னாண்ட ரேடியோல பேசினாரு. 'பட்டுவ தைரியமா இருக்கச் சொல்லு, நான் எங்கயும் போவல, அவகூடவேதான் இருப்பேன்'னாரு. அத உங்ககிட்ட சேத்துட்டேன்."

என் நாத்தனார் சரசு வாய்விட்டு அழுதாள். தினகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. பத்ரியோடு அத்தனை வருஷம் வாழ்ந்தவள் நான். போனில் அவர் பேச்சு "சரி, வை" என்பதோடு முடியும். எங்கள் பெண் சின்மயி பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து, "ஃபேன் ஓடறதா?" என்று கேட்ட மனிதர். சிவகுமார் சொன்ன வாக்கியம் மத்தியான சீரியலில் வரும். பத்ரி வாயில் வராது.

அந்த வாரமே சிவகுமார் வந்து, காரின் டிக்கியில் கிடந்த இரண்டு ஆன்டெனாக்களையும் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய சரக்குதான், மறுக்க முடியவில்லை. அடுத்ததாகத் தெருவில் நாலு வீட்டுக் கார்களின் கூரையில் நெட்டைக் கம்பி முளைத்தது. "பத்ரி சார் கடைசிவரைக்கும் பேசினாராமே, போனைவிட இதுதான் நம்பிக்கை" என்று பேசிக்கொண்டார்கள். என் கணவரின் சாவு ஒருவருக்கு விளம்பரமாகிவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது. தோன்றியபின் தூக்கம் போயிற்று.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அவர் உண்மையிலேயே பேசினாரா? பேசினார் என்றால் என்ன பேசினார்?

ரேடியோவைப் பற்றி பத்ரி படித்துவிட்டு வைத்திருந்த தாள்களை நானும் படித்தேன். மேம்பாலத்திலிருந்து திருமுடிவாக்கம் வரை நெட்டை ஒருவேளை எட்டும், குட்டை எட்டாது என்று எனக்குப் பட்டது. அன்று கூரையில் இருந்தது எது? தினகரனைக் கேட்டேன். ஆன்டெனாவைக் கழற்றி டிக்கியில் போட்டது அவர்தான்.

"நீட்டமா இருந்துது டீச்சர்... இல்ல, குட்டைதான். கையில அடக்கமா இருந்த மாதிரி ஞாபகம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு நான் கூரையையா பாத்துட்டு நின்னேன்?"

அதற்குமேல் அவரைக் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சின்மயியோடு காரில் திருமுடிவாக்கம் போனேன். அவள் சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். விடுமுறையில் மட்டும் வருவாள். நானும் காருக்கு ஒரு ஆன்டெனா வாங்கப்போகிறேன், எது நல்லது என்று போட்டுப்பார்த்துத்தான் எடுப்பேன் என்று சிவகுமாரிடம் சொன்னேன். அவர் என்னை ஒருகணம் பார்த்தார்.

"ஓட்டை போட்டு மாட்டினா இன்னும் சுத்தமா கேக்கும் டீச்சர். காந்தம் அதுக்கு ஒரு மாத்து கம்மிதான்."

"ஓட்டை வேண்டாம். மழை ஒழுகும்."

"வாஷர் போட்டுத் தரேன், ஒரு சொட்டு எறங்காது."

"வேண்டாம்."

"சார் மாதிரியே பேசறீங்க. அவரும் ஓட்டைன்னா ஓடிப்பூடுவாரு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இரண்டையும் இரவல் வாங்கிக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் பட்டறைப் பெட்டிமுன் உட்காரச் சொன்னேன். நான் மேம்பாலத்திலிருந்து சில சொற்களைச் சொல்வேன். காதில் விழுந்ததை அவர் எழுதிவைத்து, பிறகு செல்போனில் படித்துக் காட்டவேண்டும்.

"டிக்டேஷனா?" என்றார் சிவகுமார். "எட்டாங்கிளாஸ்ல தமிழ் டீச்சர் டிக்டேஷன் வச்சித்தான் நான் ஸ்கூலுக்கே போறத நிறுத்தினேன்."

வழியில் சின்மயி கேட்டாள். "அம்மா, நிஜமாவே நீ இதை வாங்கப்போறியா? இல்ல அந்த ஆளைப் பிடிக்கப்போறியா?"

"வண்டிய ஓட்டு."

ஞாயிறு விடிகாலை. மேம்பாலத்தின் உச்சியில் ஓரமாக நிறுத்தி விளக்கைச் சிமிட்டவிட்டோம். பால் வண்டிக்காரர் ஒருவர் எங்களைத் திட்டிக்கொண்டே போனார். முதலில் குட்டையைக் கூரை நடுவில் வைத்து, கதவின் ரப்பர் வழியே வயரை உள்ளே விட்டோம். மைக்கின் பொத்தானை அழுத்தி நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "சேப்பங்கிழங்கு. ஊசிமுனை. வெண்கலப் பானை. கூடலூர்."

செல்போனில் சிவகுமாரின் குரல் வந்தது. "ஒண்ணியும் கேக்கல டீச்சர். வெறும் இரைச்சல். சொல்லிட்டீங்களா, இனிமேத்தான் சொல்லப்போறீங்களா?"

பொய் சொல்கிறவர் என்றால் இங்கே ஏதாவது கேட்டதாகச் சொல்லியிருப்பார். சின்மயி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நெட்டையை வைத்து வேறு நாலு சொற்கள் சொன்னேன். அப்போது கீழே மின்சார ரயில் ஒன்று கடற்கரைப் பக்கம் போனது. பெட்டிக்குள் பொரிவது போல ஒரு சத்தம்.

"தாழம்பூ, கத்தரிக்கோல், நடுவுல ஒண்ணு உட்டுப்போச்சி, அப்பால திண்டிவனம்" என்றார் சிவகுமார். "எத்தினி மார்க்கு?"

விட்டுப்போனது ரயில் போன நேரத்தில் சொன்ன சொல். அன்று புயலில் ரயில் ஓடவில்லை. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. இரைச்சல் கிளப்ப எதுவுமே இல்லாத நாள். பத்ரி நெட்டையை வைத்திருந்தால் ஒரு சொல்கூடத் தப்பியிருக்காது.

என் சந்தேகம் அப்போது வேறு பக்கம் திரும்பியது. அவ்வளவு தெளிவாகக் கேட்ட மனிதர், எங்களுக்குச் சொன்னது ஏன் ஒரே ஒரு வாக்கியம்?

அங்கிருந்து நேராகப் பட்டறைக்கே போகச் சொன்னேன். ஞாயிறு என்பதால் மெஷின் எதுவும் ஓடவில்லை. சிவகுமார் நாற்காலி இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அன்னிக்கு அவர் வேற என்ன பேசினார்?"

"அதான் சொன்னேனே டீச்சர்."

"அது அவர் பேச்சு இல்ல."

அவர் மேசைமேல் இருந்த பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார், மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். "இப்ப நீங்க கேக்கறது ஆன்டெனாவப் பத்தியா, சாரைப் பத்தியா?"

"ரெண்டும்."

சின்மயி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார் உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல டீச்சர்" என்றார் சிவகுமார். "நான் இந்தப் பெட்டிய லாரி பேட்டரில மாட்டி வச்சிருந்தேன். மொதல்ல குட்டைய வச்சிக் கூப்ட்டிருக்காரு, எனக்குக் கேக்கல. அப்பால நெட்டைய வச்சாரு. 'சிவகுமார், இப்ப எப்படி?'ன்னாரு. கேக்குது சார், லேசா கொரகொரன்னு கீதுன்னேன். எங்க வச்சிகிறீங்கன்னு கேட்டேன். பின்னாடி ஓரமா வச்சிட்டாராம், மழையில கை எட்டலயாம். நான்தான், நடுவுல நகத்துங்க சாருன்னேன். எறங்கி நகத்திட்டு வந்து, 'இப்ப?'ன்னாரு. இன்னும் கொஞ்சம் முன்னாடின்னேன். திரும்ப எறங்கினாரு. அந்த மழையில, அந்தக் காத்துல." அவர் நிறுத்தினார். "மூச்சு வாங்கிச்சி, எனக்கே கேட்டுது. சார் ரெஸ்ட் எடுங்கன்னேன். 'இல்ல இல்ல, இப்ப எப்படி, அதைச் சொல்லு'ன்னாரு. மணி மாதிரி கேக்குது சாருன்னேன். 'அப்ப நெட்டையே எடுத்துக்கறேன். சரி, வை'ன்னாரு. அவ்ளோதான். சாயந்திரம் கூப்ட்டுப் பாத்தேன், பதில் இல்ல. பேட்டரி பூடுச்சின்னு நெனச்சேன்."

எங்கோ பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டது.

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள் சின்மயி.

"பதிமூணாம் நாளு எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தாங்கம்மா. கடைசியா பேசினவன் நான். கொட்டற மழையில வண்டிய விட்டு எறக்கி ஆன்டெனாவ நகத்த வச்சேன்னு எப்டி வாயால சொல்றது? வேற இன்னா சொல்றதுன்னு தெரியல, வாய்க்கு வந்தத சொல்ட்டேன்."

"ஆனா நாலு ஆன்டெனா வித்தீங்க" என்றேன்.

"வித்தேன்." தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டாங்க, வித்தேன்."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. "இப்ப எப்படி, அதைச் சொல்லு." அந்தக் குரலை நான் கேட்டுவிட்டேன். மிக்ஸி ரிப்பேர் பார்த்தாலும், குழாய்க்கு வாஷர் மாற்றினாலும், நனைந்த சட்டையோடு நின்று அதேபோல்தான் கேட்பார். நல்லாயிருக்கு என்று நான் சொல்லும்வரை நகரமாட்டார். மேம்பாலத்தில் பயந்துகொண்டு, தனியாக, எங்களை நினைத்துத் தவித்துப் போனார் என்றுதான் அத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அவர் என்னை நினைக்கவே இல்லை. வேலையாக இருந்திருக்கிறார்.

சிவகுமாரை நான் மன்னித்தேனா என்று சின்மயி திரும்பும் வழியில் கேட்டாள். அந்த மழையில் யாராவது இறங்கச் சொன்னால் ஒழிய பத்ரி இறங்கியிருக்கமாட்டார் என்று தோன்றும் நாள்கள் உண்டு. யார் சொல்லாவிட்டாலும் நெட்டையை நடுவுக்கு நகர்த்தாமல் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது என்று தோன்றும் நாள்களும் உண்டு.

நெட்டையை நானே வாங்கினேன். ஐப்பசி பிறந்ததும் சின்மயி வந்து அதைக் கூரையில் வைத்துவிட்டுப் போவாள். சில ஞாயிறுகளில் என்னை மேம்பாலம் வரை அழைத்துப் போவாள். சிவகுமாரோடு எனக்குப் பேச எதுவும் இல்லை. பொத்தானை அழுத்தி, "கேக்கறதா?" என்பேன். "கேக்குது டீச்சர்" என்பார்.

உச்சியில் நின்றால் திருமுடிவாக்கம் கேட்கிறது. முடிச்சூர் சாலைக்கு இறங்க ஆரம்பித்ததும் கேட்பது நின்றுவிடுகிறது.