ஜெத்ரோவின் ஞானஸ்நானம்

மாவு பிசைகிற கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் கெசியா. அதற்குள் பாதிரியார் குனிந்து உள்ளே வந்துவிட்டார். கட்டிலில் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"இவரு எதுக்கு வந்திருக்காரு?" என்றார் ஜெத்ரோ.

"நான்தாம்ப்பா வரச்சொன்னேன்."

மார்லிங்டன் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள். ஜெத்ரோ இல்லை. அவருடைய தாய் வேறு சபைக்காரி. வளர்ந்தபின் ஆற்றில் முழுகித்தான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று பிள்ளையிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஆற்றுத் தண்ணீரோ பனிக்கட்டி. "அடுத்த கோடைக்குப் பாத்துக்கலாம்" என்றே எழுபது கோடையை ஓட்டிவிட்டார் மனிதர். மனைவி மெர்சி சாகும்வரை கெஞ்சிப் பார்த்தாள். மசியவில்லை.

"பதிவேட்டுல பேரில்லன்னா வடக்கு மதிலோரம், ஜெபமில்லாமப் பொதைச்சிருவாங்கப்பா. அம்மா தெற்கால கெடக்கா." கெசியா கட்டிலருகே குனிந்தாள். "அவளத் தனியா விட்டுருவீங்களா?"

ஜெத்ரோ தண்ணீர் ஊற்றிவைத்த கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தார். அடுப்பில் விறகு சரிந்தது.

"தண்ணி சூடா இருக்கா?"

"வெதுவெதுன்னு இருக்குப்பா."

"அப்பச் சரி. ஆத்தா கேட்டா, ஆறு வத்திப்போச்சுன்னு சொல்லிக்கிறேன்."

பாதிரியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிண்ணத்துத் தண்ணீரை மூன்று முறை நெற்றியில் வார்த்தார்.

"பாத்தியா, நான் அழல" என்றார் ஜெத்ரோ. மகள்தான் அழுதாள். பதிவேட்டில் தச்சன் வீட்டுக் கைக்குழந்தையின் பேருக்குக் கீழே அவர் பேர் ஏறியது. மாலையில் மாடு கறக்கும் வேளைக்கு உயிர் பிரிந்தது.

அடக்கத்தன்று, வழக்கப்படி கோயில் வாயிலில் பெட்டியை இறக்கிவைத்துப் பாதிரியாருக்காகக் காத்திருந்தார்கள். மழை தூறியது. பிள்ளைகள் ஒவ்வொருவரின் ஞானஸ்நானத்துக்கும் ஜெத்ரோ இந்த வாயில்வரைதான் வருவார். குழந்தையை மெர்சி கையில் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி வெளியிலேயே நிற்பார். கடைசித் தம்பியின் முறைக்குக் கெசியா அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தபோது அப்பா சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு அவளுக்குக் கையாட்டினார். அந்த முகம் இப்போதும் கண்ணுக்குள் நின்றது.

பாதிரியார் வந்து ஜெபத்தைத் தொடங்கினார். ஆட்கள் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள்.

"வாங்கப்பா," என்றாள் கெசியா, முன்னால் நடந்தபடி.