கேமராவுக்கு முன்னால் நீட்டிய பாதங்கள்

அந்த வருட வகுப்புப் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவன் நான். 1894 நவம்பர், ஓஹையோவின் ஒரு சிறிய மருத்துவக் கல்லூரியின் அறுவைக்கூடம். ஒன்பது மாணவர்கள், கறை படிந்த மேலங்கிகள், நடுவில் மேசை, அதன் மேல் எங்கள் பிணம். மேசை விளிம்பில் சாக்கட்டியால், ‘எங்கள் பொறுமைசாலி நண்பருடன்’ என்று ஹார்லன் எழுதியிருந்தான். வருடாவருடம் இப்படி ஒரு படம் எடுப்பார்கள். ஒரு பிரதி, தங்கியிருக்கும் வீட்டின் கூடத்துக்குப் போகும். ஹார்லனும் நானும் தங்கியிருந்த மிசஸ் க்ராம்லிக் வீட்டில் பழைய மாணவர்களின் ஆறு படங்கள் வரிசையாகத் தொங்கின.

ஏழைகள் விடுதியிலிருந்து வந்த, யாரும் உரிமை கோராத உடல் என்றுதான் கல்லூரிக் காவலாளி சொன்னான். தலை காய்ந்துவிடாமலிருக்க ஈரத்துணி சுற்றியிருந்தது. படம் எடுத்தபோதும் அதை அவிழ்க்கவில்லை. “பாவம், வெக்கப்படுவாரு” என்றான் ஹார்லன். எங்கள் எல்லோர் முகமும் படத்தில் விழவேண்டும் என்பதற்காகப் படக்காரர் மேசையைத் திருப்பி, பாதங்களைக் கேமராவுக்கு நேராக வைத்தார்.

அறுத்துப் படிப்பதில் இடது கால் என் பங்கு. கணுக்காலின் வெளிப்புறத்தில் நாணயம் அளவுக்குத் தடித்த காய்ப்பு. சம்மணமிட்டே வாழ்நாளைக் கழித்த தையல்காரனுக்கு வருவது. மிசஸ் க்ராம்லிக்கின் தம்பி ஓட்டோ தையல்காரர். அவரை இரண்டு வாரத்துக்கு முன்புதான் புதைத்திருந்தார்கள். ஊரில் வேறு தையல்காரர்களும் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஈரத்துணியை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முட்டைக்கோஸ் சூப்பைப் பரிமாறியபடியே மிசஸ் க்ராம்லிக் சொன்னாள்.

“ஓட்டோ கல்லறைக்குப் போயிருந்தேன். மேல சிப்பி வரிசையா வச்சிருந்தேன். இப்பவும் வரிசையாத்தான் இருக்கு. ஆனா நான் வெள்ளையா இருக்கிற பக்கம் மேல வர்ற மாதிரி வச்சேன், இப்ப எல்லாம் கவுந்து கெடக்கு.”

“காத்து அடிச்சிருக்கும்மா” என்றான் ஹார்லன்.

“காத்து ஒண்ணொண்ணாப் பொரட்டிப்போட்டு, மறுபடி வரிசையா அடுக்குமா, குட்டி டாக்டரே?”

ஹார்லன் ரொட்டியைக் கடித்தான். அவள் என்னைப் பார்த்தாள். “வகுப்புப் படம் இன்னும் வரலையா, டென்னி?”

“இன்னும் இல்லம்மா” என்றேன். என் பிரதி பெட்டிக்கடியில் கிடந்தது.

“என்னது இன்னும் இல்லையா? வெள்ளிக்கிழமையே வந்துடுச்சே!” ஹார்லன் ஓடிப்போய்த் தன் பிரதியைக் கொண்டுவந்து நீட்டினான். “பாருங்க, ஒன்பது பேர்ல யாரு அழகுன்னு சொல்லுங்க.”

அவள் அதை ஜன்னலோரம் கொண்டுபோனாள். எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. தையல் கூடையிலிருந்து ஒரு சாம்பல்நிறக் காலுறையை எடுத்து விரித்தாள். கணுக்கால் பக்கத்தில் மட்டும் ஒட்டுமேல் ஒட்டாக நூல் தடித்திருந்தது.

“எல்லாரும் விரல்ல கிழிப்பாங்க. அவன் இங்கதான் கிழிப்பான். முப்பது வருஷம் நான்தான் தச்சுக் குடுத்தேன்.” ஒட்டைப் படத்தின் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “டென்னி, நீ எந்தக் காலு?”

“இடது.”

“அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“டேய், வாய மூடுடா!” ஹார்லனின் குரல் கீச்சிட்டது. “மார்ச்சுல பட்டம்டா!”

“காய்ப்பப் பாத்தேன்” என்றேன். “முதல் நாளே. மூஞ்சியப் பாக்கல.”

“ஏன் பாக்கல?”

அவள் படத்தில் துணி சுற்றியிருந்த தலையைத் தொட்டாள்.

“அவன் மூஞ்சிய மூடினீங்க. உங்க மூஞ்சி ஒன்பதும் பளிச்சுன்னு விழுந்திருக்கு. கல்லறையத் தோண்டித் திருடிட்டாங்கன்னு ஷெரிப்புகிட்ட இதக் காட்டுறேன். ஆனா காலு யாரோடதுன்னு நான் சொன்னா, தம்பியப் பறிகொடுத்தவ புலம்புறான்னுவாரு. அறுத்தவன் சொல்லணும். மிச்சமிருக்கிறதையாவது புதைக்கணும்.”

கோட்டை மாட்டிக்கொண்டேன். ஹார்லன் கதவை மறித்துக்கொண்டு நின்றான், பிறகு விலகினான். அவள் உடனே கிளம்பவில்லை. நாற்காலியில் ஏறி, சுவரிலிருந்த ஆறு படங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மேசைவிரிப்பில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

“இதுல படுத்திருக்கிறவங்க காலையும் அவங்க வீட்டு ஆளுங்க யாராவது பாக்கட்டும்” என்றாள்.